மரவாயு உலை: ஓடந்துறையின் 9 கிலோவாட்

விறகடுப்பில் மஞ்சள் நிறத்தில் எழும் தழல் விறகின் தழல் அன்று. சூடேறிய மரத்திலிருந்து பிரிந்து வெளியேறும் வாயுக்கள் காற்றோடு கலந்து எரிவதே தழலாகத் தெரிகிறது. தழல் அடங்கியபின் செந்நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும் கரி மட்டுமே திடநிலையில் எரிகிறது. மரம் வாயுவாகப் பிரிவதும் அவ்வாயு எரிவதும் ஆகிய இவ்விரண்டு நிகழ்வுகளையும் ஒரே இடத்தில் நடக்கவிடாமல், முதலாவதை ஒரு மூடிய கலத்துக்குள்ளும் இரண்டாவதை வேண்டிய வேறோர் இடத்திலும் நடத்திக்கொள்ளும் கருவிக்கு மரவாயு உலை என்று பெயர். பட்டறைகளில் அது கேசிஃபையர் என்றே அறியப்படுகிறது. அந்த வேறோர் இடம் ஒரு பர்னராக இருந்தால் வெப்பம் கிடைக்கும். ஓர் எஞ்சினின் சிலிண்டராக இருந்தால் நீர் இறைக்கலாம், ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரமும் எடுக்கலாம்.

மேட்டுப்பாளையத்தை ஒட்டி, நீலகிரி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஓடந்துறை ஊராட்சி, 2003ஆம் ஆண்டில் 9 கிலோவாட் திறனுள்ள மரவாயு மின்னாக்கி ஒன்றை நிறுவி, குடிநீர் இறைப்பதற்கு மின்வாரியத்திடம் வாங்கிவந்த மின்சாரத்துக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தியது. 1996இல் ஊராட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற ஆர். சண்முகத்தின் காலத்தில் குடிநீர்த் திட்டம், தெருவிளக்கு, புதிய குடியிருப்புகள் என்று ஊரின் வசதிகள் விரிந்தபோது, அவற்றுடன் மின்கட்டணமும் ஊராட்சியின் வருவாய்க்குச் சுமையாகும் அளவுக்கு ஏறிவிட்டதே இம்முயற்சிக்குக் காரணம். மூன்று ஆண்டுகள் கழித்து, 2006இல், அதே ஊராட்சி வங்கிக் கடனும் தன் சேமிப்பும் சேர்த்து 1 கோடியே 55 லட்சம் ரூபாயில், உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, உள்ளாட்சி அமைப்புகளுக்கு முன்மாதிரி என்று நாடெங்கும் பேசப்பட்டது. காற்றாலையின் புகழில் அதற்கு முன் வந்த சிறிய உலை பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துபோகப்படுகிறது; ஆனால் ஒரு கிராமமோ ஒரு தோட்டமோ ஒரு சிறு பட்டறையோ தன் கைக்கு எட்டும் அளவில் விறகிலிருந்து ஆற்றல் எடுக்க முயலும்போது எதிர்ப்படும் கேள்விகள் அனைத்தும் அந்த 9 கிலோவாட்டுக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன், 44 விழுக்காடு அளவில் ஆக்சிஜன், 6 விழுக்காடு ஹைட்ரஜன். இம்மரத்தை மூடிய கலத்துக்குள் மேலிருந்து இட்டு, குறைந்த அளவு காற்றை மட்டும் உள்ளே விட்டால், அது கீழே இறங்க இறங்க நான்கு நிலைகளைக் கடக்கிறது. முதலில் ஈரம் ஆவியாகிறது. அடுத்து, ஏறத்தாழ 200 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில், காற்று இல்லாமலே மரம் சிதைகிறது. வெப்பச்சிதைவு எனப்படும் இந்நிலையில் மரத்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு ஆவியாகவும் வாயுவாகவும் வெளியேற, எஞ்சிய ஒரு பங்கு கரியாக நிற்கிறது. வெளியேறும் ஆவிகளில் பெரும்பகுதி, குளிர்ந்தால் கரிய பிசினாக உறையும் தார். மூன்றாம் நிலையில் காற்று நுழைகிறது. ஆவிகளில் ஒரு பகுதியும் கரியில் ஒரு பகுதியும் எரிந்து, வெப்பநிலை 1,100 முதல் 1,300 டிகிரி வரை ஏறி, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. இதோடு நின்றுவிட்டால் அது வெறும் அடுப்பு. அவ்வாறு நில்லாமல், அந்தக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அடுத்திருக்கும் கனன்ற கரிப்படுகையின் ஊடே இழுக்கப்படும் நான்காம் நிலைதான் இக்கருவியின் உயிர்நிலை.

கனன்ற கரியின் மேல் படும் கார்பன் டை ஆக்சைடு, கரியிலிருந்து ஒரு கார்பன் அணுவைப் பறித்துக்கொண்டு இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளாக மாறுகிறது. நீராவி தன் ஆக்சிஜனைக் கரிக்குக் கொடுத்துவிட்டு ஹைட்ரஜனாக விடுபடுகிறது. ஏற்கெனவே எரிந்து முடிந்த, இனி எரியாத இரு பொருள்கள் இவ்வாறு எரியக்கூடிய இரு வாயுக்களாக மீள்வதால் இதற்கு ஒடுக்கநிலை என்று பெயர். இவ்விரு வினைகளும் வெப்பத்தை உண்டு நடப்பவை. ஆகவே வாயு கரிப்படுகையைக் கடக்கும்போது அதன் வெப்பநிலை வீழ்ந்துகொண்டே வந்து 700 டிகிரிக்குக் கீழே போகும்போது வினைகள் மெல்ல நின்றுவிடுகின்றன. வீழ்ந்த வெப்பம் வீணாவதில்லை. அது வாயுவின் வேதி ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. படுகை மெலிந்தாலோ, குளிர்ந்தாலோ, சாம்பலால் அடைபட்டாலோ இந்த மீட்பு குறைந்து வாயு நலிகிறது.

ஒரு கிலோ மரம் முழுமையாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும். மரவாயு உலைக்கோ அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது ஒன்றரை முதல் இரண்டு கிலோ போதும். அந்தக் காற்றோடு வரும் நைட்ரஜன் எவ்வினையிலும் சேராமல் அப்படியே வெளியேறுவதால், கிடைக்கும் வாயுவில் சரிபாதி நைட்ரஜனாக இருக்கிறது. எஞ்சிய பாதியில் கார்பன் மோனாக்சைடு சுமார் 20 விழுக்காடு, ஹைட்ரஜன் 15 முதல் 20 விழுக்காடு, மீத்தேன் ஒன்றிரண்டு விழுக்காடு. மீதி எரியாத கார்பன் டை ஆக்சைடு. இந்தக் கலவையின் ஒரு கனமீட்டர் 4.5 முதல் 5.5 மெகாஜூல் வெப்பம் தரும். இயற்கை எரிவாயு தருவதில் இது ஏழில் ஒரு பங்குதான். எனினும் ஒரு கிலோ மரத்திலிருந்து இரண்டரை கனமீட்டர் வாயு கிடைப்பதால், மரத்தின் ஆற்றலில் 70 முதல் 75 விழுக்காடு வாயுவில் வந்து சேர்கிறது. மெலிந்த வாயு, ஆனால் விரயம் குறைவு.

வாயு எந்தத் திசையில் வெளியேறுகிறது என்பதை வைத்தே உலைகள் வகைப்படுத்தப்படுகின்றன. காற்றைக் கீழே விட்டு வாயுவை மேலே எடுக்கும் மேல்நோக்கு உலையைச் செய்வது எளிது. ஆனால் மேலே இறங்கிக்கொண்டிருக்கும் மரத்தின் தாரையெல்லாம் வாயு அள்ளிக்கொண்டு வருவதால், ஒரு கனமீட்டரில் 50 கிராமுக்கும் மேல் தார் இருக்கும். கீழ்நோக்கு உலையில் வாயு கீழ்ப்பக்கமாக இழுக்கப்படுகிறது. வெப்பச்சிதைவில் பிறந்த தார் ஆவிகள் தப்புவதற்கு வேறு வழியின்றி எரிநிலையின் 1,200 டிகிரி வெப்பத்தையும் அடுத்துள்ள கரிப்படுகையையும் கடந்தாக வேண்டும். கடக்கும்போது அவற்றின் பெரிய மூலக்கூறுகள் உடைந்து சிறு வாயுக்களாகின்றன. நன்றாகச் செய்த கீழ்நோக்கு உலையில் தார் ஒரு கனமீட்டருக்கு ஒரு கிராம் அளவுக்குக் குறைகிறது. எஞ்சினுக்கு வேண்டியது அதனினும் குறைவு: 100 மில்லிகிராமுக்குள். வீட்டுப் பட்டறையில் உருவாகும் உலைகள் பெரும்பாலும் தோற்பது இந்த ஒரு கிராமுக்கும் பத்தில் ஒரு கிராமுக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான்.

அந்தத் தூரத்தைக் குறைக்க 1920களில் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பெர் ஒரு வடிவத்தை உருவாக்கினார். அதில் உலையின் நடுப்பகுதி இடுப்பைப் போல ஒடுங்குகிறது. ஒடுக்கத்துக்குச் சற்று மேலே காற்றுத்துளைக் குழாய்கள், அதாவது நாசில்கள், வட்டமாகப் பொருத்தப்படுகின்றன. ஒரு நாசிலின் காற்று எதிரிலுள்ள நாசிலில் நேராக மோதாமல் இடைவெளிகளில் பாய வேண்டும் என்பதற்காக அவற்றின் எண்ணிக்கை ஐந்து அல்லது ஏழு என ஒற்றைப்படையாக வைக்கப்படுகிறது. ஒடுங்கிய இடத்தில் குளிர்ந்த மூலைகள் இல்லாததால் தார் ஒளிந்துபோக இடம் கிடைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமற்போனபோது ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான வண்டிகள் இவ்வகை உலைகளைச் சுமந்து ஓடின. ஸ்வீடனில் மட்டும் அவற்றின் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியது. அதே காலத்தில் இந்தியாவில், சென்னை மாகாணம் உட்பட, பேருந்துகளின் பின்புறத்தில் கரிவாயு உலைகள் மாட்டப்பட்டன. அவை விறகை அன்றி அடுப்புக்கரியை எரித்தவை. கரியில் தார் ஏற்கெனவே வெளியேறிவிட்டதால் உலை எளிதாகியது. ஆனால் கரி சுடும் இடத்திலேயே மரத்தின் ஆற்றலில் பாதிக்கு மேல் புகையாகப் போய்விட்டது. எளிமைக்காக மரத்தை இவ்வளவு வீணாக்கியதை இன்றைய முயற்சிகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ள முடியாது.

போர் முடிந்து பெட்ரோல் மலிந்ததும் மறக்கப்பட்ட இத்தொழில்நுட்பம், 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மீண்டும் எடுக்கப்பட்டது. இந்தியாவில் அதன் முதன்மையான களம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். அங்கே எச். எஸ். முகுந்தா தலைமையிலான குழு, மேல்புறம் திறந்த கீழ்நோக்கு உலை ஒன்றை உருவாக்கியது. காற்று மேலிருந்தும் பக்கவாட்டு நாசில்கள் வழியாகவும் இரு இடங்களில் நுழைவதால் வெப்பமான பகுதி நீண்டு, தார் உடைவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. உட்புறம் உலோகத்துக்குப் பதிலாகச் சுட்டமண் பூச்சு பெறுவதால் உலையின் ஆயுளும் நீள்கிறது. அக்குழுவின் உலை ஒன்று 1988இல் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்து ஹோசஹள்ளி என்ற சிற்றூரில் நிறுவப்பட்டு, வீட்டு விளக்குகளுக்கும் குடிநீருக்கும் மாவு அரைப்பதற்கும் மின்சாரம் தந்தது. ஊருக்கென்று தனியாக ஒரு விறகுத்தோப்பு நடப்பட்டது அத்திட்டத்தின் முக்கியமான கூறு. உலையை வாங்கிய பிறகு விறகைத் தேடும் வழக்கத்தை அது தலைகீழாக்கியது.

வீட்டளவில் செய்வதற்கு வழிகாட்டும் நூல்களுள் பரவலாக அறியப்பட்டது, அமெரிக்கக் கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமை 1989இல் வெளியிட்ட கையேடு. பெட்ரோல் கிடைக்காத அவசர காலத்தில், குப்பைத்தொட்டி, பால்கேன், எவர்சில்வர் கிண்ணம், குழாய்த் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டே டிராக்டருக்கு வாயு தரும் உலையைக் கட்டலாம் என்று அது விளக்குகிறது. ஒடுங்கிய இடுப்போ நாசில்களோ இல்லாத நேர்க்குழாய் ஆதலால் வெல்டிங் தெரிந்த எவரும் அதைச் செய்துவிடலாம்; அந்த எளிமையின் விலை, எஞ்சினுக்குள் போகும் கூடுதல் தார். சில நாள்களுக்கான அவசரக் கருவியாக எழுதப்பட்டதை ஆண்டுக்கணக்கில் ஓட்ட முயன்றவர்களுக்கு வால்வு ஒட்டிக்கொள்வதும் எஞ்சின் நின்றுபோவதுமே மிஞ்சியிருக்கின்றன. எவ்வடிவத்தை எடுத்தாலும் சில விதிகள் பொதுவானவை. எரிகுழாயின் உள்விட்டம் 15 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மரத்துண்டுகள் குறுக்கே சிக்கிப் பாலம் போட்டு நின்றுவிடும். அடியில் காலியிடம் உண்டாகித் தார் தடையின்றி வெளியேறும். எரிநிலைப் பகுதியைப் பழைய டிரம்மின் மெல்லிய தகட்டில் செய்தால் சில வாரங்களில் அரித்துத் துளை விழும். அங்கே தடித்த எஃகோ, தீச்செங்கல்லும் வெப்பந்தாங்கு சிமெண்ட்டும் கொண்ட உட்பூச்சோ வேண்டும். கரி தங்கும் சல்லடையை வெளியிலிருந்து ஆட்டிவிட ஒரு கைப்பிடி இல்லாவிட்டால் சாம்பல் அடைக்கும். மேல்மூடி போல்ட் போட்டு இறுக்கப்படாமல், ஸ்பிரிங் ஒன்றால் அழுத்திப் பிடிக்கப்பட வேண்டும். உள்ளே வாயுவும் காற்றும் கலந்து திடீரென்று பற்றினால் மூடி தூக்கிக்கொண்டு அழுத்தத்தை விட்டுவிட்டுத் தானே அமரும்.

காற்று கசியாமை இவை அனைத்தினும் முதன்மையானது. எரிநிலைக்குப் பின் ஏதோ ஓர் இணைப்பில் ஊசித்துளை இருந்தாலும், அதன் வழியே இழுபடும் காற்று சூடான வாயுவைக் குழாய்க்குள்ளேயே எரித்துவிடும். உலை தகிக்கும், பர்னரிலோ தழல் இராது. வாயுவின் தரத்தை அறியக் கருவிகள் இல்லாத பட்டறையிலும் இரு சோதனைகள் இயலும். புளோயரை ஓட்டி வெளியேறும் வாயுவைப் பற்றவைத்தால் தழல் நீலமும் இளஞ்சிவப்புமாக நிலைத்து எரிய வேண்டும். ஆரஞ்சு நிறமும் வெண்புகையும் தோன்றினால் உலை இன்னும் சூடேறவில்லை அல்லது விறகு ஈரம் என்று பொருள். குளிர்ந்த வாயுவின் முன் வெள்ளைத் துணியைச் சில நிமிடம் பிடித்தால் அதில் படியும் பழுப்புக் கறை, எஞ்சினுக்குள் படியப்போவதன் முன்னறிவிப்பு. கறை படியாத வரை எஞ்சினை இணைக்காமல் இருப்பதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களின் கையில்தான் பெரும்பாலான எஞ்சின்கள் பாழாகின்றன.

விறகைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதி நீர். அதை உலையில் இட்டால், ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்க மட்டும் 2.3 மெகாஜூல் செலவாகி, எரிநிலையின் வெப்பம் வீழ்ந்து, தார் உடையாமல் தப்பிவிடும். 20 விழுக்காட்டுக்கும் குறைவான ஈரம் என்பதே எல்லை. 15க்குள் இருந்தால் நன்று. துண்டுகள் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஏறத்தாழ ஒரே சீராக இருக்க வேண்டும். மேட்டுப்பாளையம் சுற்றுவட்டார மரமில்களில் குவியும் மரத்தூள் மலிவானதுதான். ஆனால் அது காற்று நுழைய வழிவிடாமல் அடைத்துக்கொள்வதால், கட்டிகளாக அழுத்தாமல் இவ்வகை உலைக்கு உதவாது. அறுத்த மரத்தின் ஓரத்துண்டுகளைக் கத்தரித்துக் கொண்டால் பொருந்தும்.

கொங்கு நாட்டில் இவ்வுலைக்கு மிகவும் இணக்கமான எரிபொருள் தேங்காய்த் தொட்டி. அடர்த்தி மிகுந்தது, சாம்பல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, உடைத்தால் ஒரே சீரான அளவில் கிடைப்பது. பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் வட்டாரங்களில் அது கழிவாகக் கருதப்பட்ட காலம் போய், தொட்டிக்கரியும் அதிலிருந்து வினையூட்டிய கரியும் செய்யும் ஆலைகள் நல்ல விலை கொடுத்து வாங்கத் தொடங்கிவிட்டதால், உலைக்கு அதை நம்புவது இன்று கடினம். பருத்திமார் அடர்த்தி குறைந்தது. துண்டாக்கும் கூலியே விறகின் விலையை எட்டும். மக்காச்சோளக் கதிர்ச்சக்கை நன்றாக உலர்ந்தால் பயன்படும். மல்பெரிக் குச்சி, சவுண்டல், சீமைக் கருவேலம், கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் நிற்கும் வெள்வேலத்தின் கழிப்புக் கிளைகள் ஆகியவை எல்லாம் ஏற்றவை. நெல் உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதிலுள்ள சிலிக்கா சூட்டில் உருகிக் கட்டியாவதால், உமிக்கென்று தனியாக வடிவமைத்த உலைகளைத் தவிர மற்றவற்றில் அதை இடக்கூடாது.

உலையிலிருந்து வெளியேறும் வாயு 400 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டோடும் கரித்தூளோடும் வரும். முதலில் அது சுழற்கலம் ஒன்றில் சுழன்று கனத்த தூளை இழக்கிறது, பின்பு குளிர்விக்கப்படுகிறது, இறுதியில் வடிகட்டியைக் கடக்கிறது. தேங்காய் நாரும் மரத்தூளும் துணிப்பையும் வடிகட்டியாக அடுக்கப்படும் முறை இந்தியாவில் பரவலானது. நார் அழுக்கேறினால் உலர்த்தி எரித்துவிடலாம் என்பது அதன் நன்மை. குளிர்விப்பில் சொட்டும் நீரில் பீனால் முதலிய நச்சுப்பொருள்கள் கலந்திருக்கும். அந்நீரைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டுவது தவறு. பவானி போன்ற குடிநீர் ஆற்றின் கரையில் அது குற்றத்துக்கு ஒப்பு. அதைத் தொட்டியில் தேக்கி, கரித்தூளில் ஊறவைத்து, மீண்டும் உலையிலேயே எரித்துவிடுவதே முறை.

கார்பன் மோனாக்சைடைப் பற்றிய எச்சரிக்கை இதனினும் கடுமையானது. நிறமும் மணமும் இல்லாத இவ்வாயு குருதியின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு இணைகிறது. சுவாசிக்கும் காற்றில் 0.16 விழுக்காடு இருந்தாலே 20 நிமிடத்தில் தலைவலியும் மயக்கமும் தொடங்கும், 1.3 விழுக்காடு அளவில் சில நிமிடங்களில் உயிர் போகும். உலையின் வாயுவில் இருப்பதோ 20 விழுக்காடு. ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் வாயுவை இழுப்பதால் குழாய்களுக்குள் அழுத்தம் குறைந்து, கசிவு இருந்தால் காற்று உள்ளே போகும். அணைத்த பிறகு அரைமணிக்கும் மேலாகச் சூடான கரி வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்க, அது வெளியே கசியும். ஆகவே அணைத்த உலையே ஓடும் உலையைவிட ஆபத்தானது. சுவர்கள் சூழ்ந்த அறையிலோ, வீட்டை ஒட்டிய சாய்ப்பிலோ, ஆள் உறங்கும் தோட்டத்துச் சாளையிலோ இதை வைக்கவே கூடாது. நாற்புறமும் திறந்த கொட்டகையே இதற்கு இடம்.

எஞ்சினைப் பொறுத்தவரை, பெட்ரோலில் ஓடும் எஞ்சின் மரவாயுவில் அப்படியே ஓடும். கலப்பியில் வாயுவும் காற்றும் ஏறத்தாழச் சம அளவில் சேர வேண்டும். ஆனால் பெட்ரோல் கலவையின் ஒரு கனமீட்டர் 3.8 மெகாஜூல் தரும் இடத்தில் மரவாயுக் கலவை 2.5 மெகாஜூலே தருவதால், திறனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்குப் பழகிய ஆயில் எஞ்சினில் பொறி இல்லை. அழுத்தத்தின் சூட்டில் பற்றும் டீசல் அங்கே வேண்டும். எனவே அதில் மரவாயுவைக் காற்றோடு இழுக்கச் செய்து, 20 முதல் 30 விழுக்காடு டீசலைத் தீக்குச்சியாக மட்டும் வைத்துக்கொள்ளும் இரட்டை எரிபொருள் முறை கையாளப்பட்டது. 1980களின் இறுதியில் மத்திய அரசின் மானியத்தோடு நாட்டின் பல பகுதிகளில் 5 குதிரைத்திறன் நீரிறைப்பு உலைகள் பரப்பப்பட்டன. தமிழகத்தில் 1990 வாக்கில் வேளாண் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமானபோது, விறகு வெட்டி உலர்த்தித் துண்டாக்கி நாள்தோறும் வடிகட்டி கழுவும் உழைப்பை எந்த விவசாயியும் விரும்பி ஏற்பதற்குக் காரணம் இல்லாமற்போயிற்று. இலவசம் என்ற விலையோடு எந்தக் கருவியும் போட்டியிட முடியாது. ஆனால் கட்டணம் செலுத்த வேண்டிய ஊராட்சியின் குடிநீர் மோட்டாருக்கு நிலைமை வேறு. ஓடந்துறை இம்முயற்சியில் இறங்கியதன் தர்க்கம் அதில்தான் இருக்கிறது.

அந்த 9 கிலோவாட்டை முழுத்திறனில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டுவதாகக் கொண்டால் கிடைப்பது 16,200 யூனிட். சிறிய உலைகளில் ஒரு யூனிட்டுக்கு 1.3 முதல் 1.5 கிலோ வரை உலர்விறகு செலவாகும்; ஆக ஆண்டுக்கு 21 முதல் 24 டன். காற்றாலை ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் தந்ததாகக் கூறப்படுகிறது. உலையின் கணக்கைப் போல 40 மடங்குக்கும் மேல், அதுவும் விறகு தேடாமல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிடைக்கும் உடுமலை வட்டாரம் அருகே இருந்தது ஓடந்துறையின் நல்வாய்ப்பு. ஆனால் காற்றாலையின் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிகளில் ஏறி, கணக்கில் ஈடுசெய்யப்படுவது. காற்று ஆடி மாதத்தில் வீசினால் தைமாதத்தில் அடங்கிவிடும். வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில் பற்றவைத்துக்கொள்ளும் ஆற்றல் விறகுதான். ஒன்றை மற்றொன்றின் தோல்வியாகப் பார்ப்பது பொருந்தாது.

இதே கணக்கு வேறோர் உண்மையையும் காட்டுகிறது. காற்றில் உலர்ந்த ஒரு கிலோ விறகில் 15 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஒன்றரைக் கிலோ விறகில் ஒரு யூனிட், அதாவது 3.6 மெகாஜூல் எடுப்பதென்றால், ஆறில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது எஞ்சினின் புகையிலும் குளிர்நீரிலும் போகிறது. அதே வாயுவை எஞ்சினுக்கு அனுப்பாமல் பர்னரில் எரித்தால் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெப்பமாகக் கைக்கு வருகிறது. வாயு சூடாகவே எரிவதால் தாரும் எரிந்துவிடுகிறது, குளிர்விப்பும் நுண்வடிகட்டியும் தேவைப்படுவதில்லை. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றின் வெப்பத்தை 80 கிலோ விறகு ஈடுசெய்யும். கொப்பரை உலர்த்துதல், ஈரோட்டு மஞ்சளை வேகவைத்தல், வெல்லம் காய்ச்சுதல், பட்டுக்கூடு அவித்தல், குன்னூர், கோத்தகிரித் தேயிலையை உலர்த்துதல் என்று கொங்கு நாட்டிலும் அதன் மலைமுகட்டிலும் வெப்பம் தேவைப்படும் தொழில்கள் நிறைந்திருக்க, சிறு உலை கட்ட நினைப்பவர்கள் மின்சாரத்திலிருந்து தொடங்குவது தலைகீழான வரிசை. முதலில் வெப்பத்துக்கு ஓர் உலை கட்டி, ஓராண்டு ஓட்டி, அதன் குணமறிந்த பிறகு எஞ்சினுக்குப் போவதே அறிவுடைமை. அதனினும் சிறிய தொடக்கம் வேண்டுமென்றால், மேலிருந்து பற்றவைக்கும் வாயு அடுப்பு உள்ளது: ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்த இரு தகரக் குவளைகள், உட்குவளையின் அடியிலும் மேல்விளிம்பிலும் துளைகள், அவ்வளவே. தழல் மேலே நிற்க, அடியில் மரம் மெல்ல வாயுவாகி, முடிவில் விறகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கரி மிஞ்சுகிறது; அது மண்ணுக்கும் நல்லது.

24 டன் விறகு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மேட்டுப்பாளையத்திலேயே விடை தேடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இவ்வூரில் இயங்கி, சவுக்கு, மலைவேம்பு முதலியவற்றில் விரைந்து வளரும் வகைகளைத் தேர்ந்தெடுத்து, விவசாயிகளையும் மர ஆலைகளையும் இணைக்கும் தொழில்சார் வேளாண்காடுகள் என்ற முறையை வளர்த்துவந்திருக்கிறது. நல்ல சவுக்குத் தோப்பு ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 12 டன் உலர்விறகு தருவதாக வைத்தால், ஓடந்துறை அளவிலான உலைக்கு இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர் போதும். அடிமரத்தைக் காகித ஆலைக்கு விற்றுக் கிளையையும் நுனியையும் மட்டும் உலைக்கு எடுத்தால் பரப்பு கூடும், செலவு குறையும். இலங்கையில் கிளிரிசிடியாவைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்ததற்கும் எரிபொருள் விறகு ஒரு காரணம். வேலியாக நட்டு ஆண்டுதோறும் கிளை கழிக்கக்கூடிய அம்மரம் கொங்கு நாட்டுத் தோட்ட வரப்புகளிலும் நன்றாக வளர்கிறது.

நட்ட மரமும் கட்டிய உலையும் இருந்தும் பல முயற்சிகள் நின்றுபோனது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். மேட்டுப்பாளையத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் அந்நாள்களில் களத்தில் எந்த விறகும் உலராது. முன்பே உலர்த்தியதும் திறந்த வெளியில் கிடந்தால் மீண்டும் ஈரமேறும். மூன்று மாதத் தேவை 6 டன். துண்டாக்கிய விறகு ஒரு கனமீட்டருக்கு 250 முதல் 300 கிலோ நிற்கும் என்பதால் அதற்கு 20 முதல் 24 கனமீட்டர் இடம் வேண்டும். 10 அடி நீளமும் 10 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள, தரையிலிருந்து சற்றுத் தூக்கிய, பக்கவாட்டில் காற்றோடும் கொட்டகை ஒன்று அதை ஏறத்தாழக் கொள்ளும். எஞ்சினின் புகைக்குழாயை, புகை உள்ளே புகாதவாறு, கொட்டகையின் அடித்தளத்தின் கீழே ஓட்டிவிட்டால் வீணாகும் சூடே மழைக்காலத்திலும் விறகை உலர்த்தும். உலைக்கும் எஞ்சினுக்கும் செலவு எழுதும் திட்டங்களில் இந்தக் கொட்டகைக்கும் ஒரு வரி வேண்டும்; புரட்டாசி முடிவதற்குள் அது நிரம்பியிருக்க வேண்டும்.